பெயர் வாங்கும் ரேடியேட்டர்

பழைய அமெரிக்க மசில் கார்களின் கூலிங் சிஸ்டத்தை 'அப்கிரேட்' செய்வது எப்படி என்று விளக்கும் கட்டுரைகளையும் வீடியோக்களையும் ஒரு வருஷத்துக்கும் மேலாகத் தேடித்தேடிப் பார்த்து வருகிறேன். அவற்றைப் பற்றிய விமர்சனம்தான் இந்தக் குறிப்பு. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுவது நியாயம். நான் குறை சொல்லப்போகும் ஆலோசனையை நானே ஒருவருக்குக் கொடுத்திருக்கிறேன். அவர் கார் டாஷ்போர்டுக்குள்ளே ஒயர் உருகியதில் எனக்கும் பங்கு உண்டு.

மசில் கார் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. நடுத்தர அளவு காரில் பெரிய காருக்கான வி8 இன்ஜினைத் தூக்கி வைத்தால் கிடைப்பது. 1964-ல் வந்த பான்டியாக் ஜிடிஓ-வைத்தான் பெரும்பாலும் தொடக்கமாகச் சொல்வார்கள்; அதில் 389 கன அங்குல இன்ஜின், ஏறக்குறைய 6.4 லிட்டர். இன்சூரன்ஸ் கட்டணம், புகை விதிகள், 1973 எண்ணெய் நெருக்கடி என்று எல்லாம் சேர்ந்து பத்து வருஷத்துக்குள் அந்தக் காலத்தை முடித்து வைத்தன. கார்கள் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஓடும்போது சூடாகின்றன.

அந்தச் சூட்டுக்கு மருந்து சொல்லும் கட்டுரைகளுக்கு ஒரே அச்சுதான். முதல் பத்தியில் கார்க்காரர் சிக்னலில் நிற்கிறார், டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. இரண்டாவது பத்தியில் பழைய தாமிர-பித்தளை ரேடியேட்டர் கழற்றப்படுகிறது. துரு, பச்சைக் கறை எல்லாம் படத்தில் தெரியும். மூன்றாவதில் பளபளக்கும் அலுமினிய ரேடியேட்டர், இரண்டு எலக்ட்ரிக் ஃபேன், புது ஹோஸ், புது மூடி, புது கூலன்ட். கடைசியில் கார்க்காரர் சிரிக்கிறார். "இப்ப முள் அசையவே மாட்டேங்குது!"

இந்த மரபை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. 1948-ல் தொடங்கிய 'ஹாட் ராட்' போன்ற இதழ்கள், சாதாரண ஆள் தன் காரைத் தானே பிரித்து மாட்டலாம் என்ற தைரியத்தைக் கொடுத்தன. அது பெரிய விஷயம். ஆனால் அந்த அச்சுக் கட்டுரையில் ஒரு ஓட்டை இருக்கிறது. அதை நான் கண்டுபிடித்தது வாசித்து அல்ல, பட்டு.

நான் இருப்பது மிச்சிகனில், டெட்ராய்ட்டுக்கு வடக்கே. வேலை, வெப்பப் பரிமாற்றம் சம்பந்தப்பட்டது. இரண்டு வீடு தள்ளி இருக்கும் பெரியவர் 1970 டாட்ஜ் சாலஞ்சர் வைத்திருக்கிறார், 383 கன அங்குல இன்ஜின். ஹாம்ட்ராமிக்கில் இருந்த 'டாட்ஜ் மெயின்' ஆலையில் செய்த கார். அந்த ஆலை 1980-ல் மூடி, பிறகு இடிக்கப்பட்டுவிட்டது. ஆலை போய்விட்டது, வண்டி இருக்கிறது என்று அடிக்கடி சொல்வார்.

இங்கே ஒவ்வொரு ஆகஸ்டிலும் மூன்றாவது சனிக்கிழமை 'உட்வர்ட் ட்ரீம் க்ரூஸ்' நடக்கும். 1995-லிருந்து நடக்கிறது. ஃபெர்ன்டேலிலிருந்து பான்டியாக் வரை உட்வர்ட் அவென்யூ முழுக்கப் பழைய கார்கள் ஊர்ந்து போகும். ஊர்ந்து என்றால் நிஜமாகவே ஊர்வதுதான், நடக்கிற ஆள் முந்திவிடுவான். அந்த ஊர்வலத்தில் பெரியவரின் முள் 230 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டுவிட்டது. அதாவது 110 செல்சியஸ். மனுஷன் பயந்து ஓரங்கட்டிவிட்டு என்னிடம் வந்தார்.

"நீ இதுலதானே வேலை பாக்குற? எந்த ரேடியேட்டர் வாங்கலாம், சொல்லு."

கேள்வியைக் கவனியுங்கள். ஏன் சூடாகிறது என்று அவர் கேட்கவில்லை. எந்த ரேடியேட்டர் என்றுதான் கேட்டார். நானும் அந்தக் கேள்விக்கே பதில் சொன்னேன். அலுமினியம், இரண்டு எலக்ட்ரிக் ஃபேன், அதற்குத் தாங்குகிற மாதிரி பெரிய ஆல்டர்னேட்டர். அவர் மெக்கானிக்கிடம் கொடுத்து மாட்டிக்கொண்டார். பழைய ரேடியேட்டர் தாமிர விலைக்குப் போனது. முள் 190-ல் நின்றது. அந்த வாரம் யாராவது வந்து படம் எடுத்திருந்தால், எங்கள் கதையும் அதே அச்சில் ஒரு நல்ல கட்டுரையாக வந்திருக்கும்.

அடுத்த ஆகஸ்டில், அதே உட்வர்டில், டாஷ்போர்டிலிருந்து பிளாஸ்டிக் கருகும் நாற்றம். அப்புறம் இன்ஜின் நின்றுவிட்டது.

நடந்தது இதுதான். அந்தக் காலத்து கிரைஸ்லர் கார்களில் டாஷ்போர்டில் ஒரு அம்மீட்டர் இருக்கும். இன்றைய வோல்ட்மீட்டர் மாதிரி அல்ல. பேட்டரிக்குப் போகிற சார்ஜ் கரன்ட் முழுக்க அந்த மீட்டர் வழியாகவே ஓடும். இன்ஜின் அறைக்கும் உள் அறைக்கும் நடுவில் இருக்கும் தகரச் சுவரில் ஒரு பெரிய பிளக் உண்டு; போகிற கரன்டும் வருகிற கரன்டும் அந்தப் பிளக்கின் சின்னத் தகடுகளைத் தாண்டித்தான் ஆகவேண்டும். கார் புதிதாக இருந்தபோது இது சமாளித்தது, ஏனென்றால் பேட்டரி நிறைந்ததும் கரன்ட் குறைந்துவிடும். நாங்கள் என்ன செய்தோம்? ஃபேன்களை நேரே பேட்டரி முனையில் இணைத்தோம். கிட்டோடு வந்த தாளில் அப்படித்தான் போட்டிருந்தது. ஆக, ஃபேன் இழுக்கிற 30 ஆம்பியரும் ஆல்டர்னேட்டரிலிருந்து கிளம்பி, பிளக், அம்மீட்டர், மறுபடி பிளக் என்று சுற்றிக்கொண்டு பேட்டரிக்கு வந்தது. விடாமல், மணிக்கணக்காக.

ஐம்பது வருஷத்துத் தகட்டில் கொஞ்சம் கறை, 0.02 ஓம் தடை என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 ஆம்பியரின் இருமடியை 0.02-ஆல் பெருக்கினால் 18 வாட். சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றை பிளாஸ்டிக் பிளக்குக்குள் செருகி வைத்த கதைதான். இதில் கொடுமை என்னவென்றால், அம்மீட்டர் முள் எப்போதும் சார்ஜ் பக்கமே சாய்ந்திருந்தது. "புது ஆல்டர்னேட்டர் நல்லா சார்ஜ் பண்ணுது பாரு" என்று பெரியவர் என்னிடம் சந்தோஷமாகக் காட்டினார். நானும் தலையாட்டினேன்.

குளிர்காலத்தில் வேறொரு வயதான மெக்கானிக் ஒயரிங்கைச் சரிசெய்தார். கையோடு, கேட்காமலே, டைமிங் லைட்டைப் பிடித்துப் பார்த்தார். தீப்பொறி விழ வேண்டிய நேரத்தைவிட ரொம்பப் பின்தங்கி விழுந்துகொண்டிருந்தது. டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் அட்வான்ஸ் ஹோஸ் கழன்று, அதன் வாயில் யாரோ ஒரு ஸ்க்ரூவைச் செருகி அடைத்திருந்தார்கள். "முன்னாடி இருந்த ஃபேனுக்கு ஷ்ரவுட் இருந்துதா?" என்று கேட்டார். ஷ்ரவுட் என்பது ஃபேனைச் சுற்றி ரேடியேட்டர் வரை வரும் கூடு. இல்லை. எப்போதோ யாரோ கழற்றிப் போட்டிருக்கிறார்கள்.

இந்த இரண்டும் ஏன் முக்கியம் என்று பார்ப்போம்.

தீப்பொறி தாமதமானால் எரிவதும் தாமதமாகும். பிஸ்டன் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போதும், வாயு வெளியேறும் நேரத்திலும் சூடு மிச்சமிருக்கும். உழைப்பாக மாறவேண்டிய சூடு சிலிண்டர் சுவருக்கும் எக்ஸாஸ்ட் வழிக்கும் போகும், அங்கிருந்து தண்ணீருக்கு. இது அன்றைய இன்ஜினியர்களுக்கு நன்றாகத் தெரியும். புகை விதிகளுக்காக ஐடிலிங்கில் டைமிங்கைப் பின்தள்ளிய அவர்களே, 1960-களின் கடைசியிலிருந்து பல கார்களில் தெர்மல் வேக்குவம் ஸ்விட்ச் என்று ஒன்றை வைத்தார்கள். தண்ணீர் ரொம்பச் சூடானால் அது டிஸ்ட்ரிபியூட்டருக்கு முழு வேக்குவத்தையும் திறந்துவிடும். டைமிங் முன்னால் வரும், ஐடிலிங் வேகம் ஏறும், ஃபேனும் பம்பும் வேகமாகச் சுற்றும், சூடு இறங்கும். தொழிற்சாலையே அதிகச் சூட்டுக்கு டைமிங் வழியாக மருந்து கொடுத்திருக்கிறது. நான் பார்த்த அப்கிரேட் கட்டுரைகள் ஒன்றில்கூட இந்த ஸ்விட்ச் பற்றி ஒரு வரி கிடையாது.

ஷ்ரவுட் விஷயம் இன்னும் எளிது. கூடு இல்லாத ஃபேன், ரேடியேட்டரின் நடுவில் ஒரு வட்டத்திலிருந்துதான் காற்றை இழுக்கும். மீதி, தன்னைச் சுற்றி இருக்கிற இன்ஜின் அறைச் சூட்டையே திரும்பத் திரும்பக் கிளறும். ஹைவேயில் இது தெரியாது. வண்டி வேகமே காற்றைத் தள்ளிவிடும். சிக்னலில்தான் தெரியும்.

ஆக, வண்டி எங்கே சூடாகிறது என்பதுதான் முதல் கேள்வி. நின்றால் சூடாகி, ஓடினால் இறங்குகிறதா? காற்றோட்டத்தைப் பாருங்கள்: ஃபேன், ஃபேன் கிளட்ச், ஷ்ரவுட், ஐடிலிங் டைமிங். ஓட ஓடச் சூடாகிறதா? அப்போது அடைத்துப்போன ரேடியேட்டர், உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ், பம்ப், பெட்ரோல் கலவை. ஐடிலிங்கில் வி8 தண்ணீருக்குக் கொடுப்பது சில கிலோவாட் சூடுதான். ஹைவேயில் அதைவிடப் பல மடங்கு கொடுக்கிறது. ஹைவேயில் சமாளிக்கிற ரேடியேட்டர் சிக்னலில் மட்டும் தோற்றால், குற்றம் ரேடியேட்டரின் அளவில் இல்லை. பெரியவரின் கார் ஹைவேயில் ஒருநாளும் சூடானதில்லை. நான் அதைக் கேட்கவே இல்லை.

இப்போது அந்தக் கட்டுரைகளுக்குத் திரும்புவோம். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் மூன்று வாக்கியங்கள் உண்டு.

முதலாவது, "அலுமினியம் தாமிரத்தைவிட நன்றாகச் சூட்டைக் கடத்தும்." தப்பு. தாமிரத்தின் வெப்பக் கடத்துத்திறன் சுமார் 400. சுத்த அலுமினியத்துக்கே சுமார் 235, கலவைக்கு அதைவிடக் குறைவு. அப்புறம் ஏன் அலுமினிய ரேடியேட்டர் நன்றாக வேலை செய்கிறது? குழாயின் வடிவத்தால். பழைய ரேடியேட்டரில் அரை அங்குல அகலக் குழாய்கள் மூன்று நான்கு வரிசை, ஈயப் பற்றுவைப்பு. அலுமினியத்தில் ஒரு அங்குல அகலக் குழாய்கள் இரண்டே வரிசை, உலையில் வைத்து ஒட்டியவை. குழாயின் தட்டையான பக்கம் காற்றுத் தகடுகளோடு முழுக்க ஒட்டியிருக்கும். எடையும் குறைவு. எப்படிப் பார்த்தாலும் ரேடியேட்டரில் பெரிய தடை காற்றுப் பக்கத்தில்தான். உலோகம் எது என்பது ரொம்பப் பின்னால் வரும் கேள்வி.

இரண்டாவது, "தண்ணீர் வேகமாக ஓடினால் ரேடியேட்டரில் ஆற நேரம் இருக்காது." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது மூடிய சுற்று. ரேடியேட்டரில் குறைந்த நேரம் நிற்கிற தண்ணீர், இன்ஜினிலும் குறைந்த நேரம்தானே நிற்கும்? ஓட்டம் கூடினால் ரேடியேட்டர் முழுக்க ஒரே மாதிரி சூடாக இருக்கும், காற்றுக்கு அதிகச் சூடு போகும். பின்னே, தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் சில வண்டி ஏன் அதிகம் சூடாகிறது? அதற்குக் காரணங்கள் வேறு. தெர்மோஸ்டாட்டின் குறுகல் பிளாக்குக்குள் அழுத்தத்தைத் தக்கவைக்கிறது. அது போனால் எக்ஸாஸ்ட் வால்வு பக்கம் அங்கங்கே கொதித்து ஆவிக் குமிழி கட்டும். மேலிருந்து கீழே ஓடும் பழைய ரேடியேட்டர்களில் மூடி மேல் தொட்டியில், அதாவது அழுத்தம் அதிகமான பக்கத்தில் இருக்கிறது. ஓட்டம் திடீரென்று கூடினால் மூடி திறந்து தண்ணீர் வெளியே போய்விடும். மக்கள் கண்ணால் பார்த்தது நிஜம். அதற்குச் சொல்லிக்கொண்ட காரணம்தான் தவறு.

மூன்றாவது, "160 டிகிரி தெர்மோஸ்டாட் போடுங்கள்." தெர்மோஸ்டாட் என்பது கதவு. இதற்குக் கீழே ஆறக்கூடாது என்பதை அது தீர்மானிக்கும். இதற்கு மேல் ஏறக்கூடாது என்பதை அதனால் தீர்மானிக்க முடியாது. 230-ல் தவிக்கும் இன்ஜினில் 160-ம் 180-ம் இரண்டுமே எப்போதோ முழுக்கத் திறந்தாயிற்று.

230 என்ற எண்ணைக் கண்டு பயந்தோமே, அதையும் பார்த்துவிடலாம். ரேடியேட்டர் மூடி 15 பிஎஸ்ஐ தாங்கினால், வெறும் தண்ணீரே 121 செல்சியஸில்தான் கொதிக்கும். பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்கால் கலந்தால் ஏறக்குறைய 129. நல்ல மூடியும் சரியான கலவையும் இருந்தால் 110 என்பது கவலைப்பட வேண்டிய எண். ஆனால் ஓரங்கட்டி, அவசரமாகக் காசைக் கொட்ட வேண்டிய எண் அல்ல. நிதானமாகக் காரணம் தேட எங்களுக்கு நேரம் இருந்தது.

தவறான வாக்கியங்களைக்கூட மன்னித்துவிடலாம். அந்தக் கட்டுரைகளின் பெரிய குறை வேறு. ஒரே வாரக்கடைசியில் ஆறு விஷயங்களை மாற்றுகிறார்கள்: ரேடியேட்டர், ஃபேன், ஷ்ரவுட், மூடி, ஹோஸ், கூலன்ட். பழைய சகதியையும் கழுவி விடுகிறார்கள். சூடு இறங்குகிறது. பெயர் மட்டும் ரேடியேட்டருக்கு! எலக்ட்ரிக் ஃபேன் கிட் பலவற்றில் ஷ்ரவுட் சேர்ந்தே வருகிறது. ஒருவேளை இறக்கியது முழுக்க அந்தக் கூடுதானோ என்று யாரும் கேட்பதில்லை. மாற்றுவதற்கு முன்னால் வெளிவெப்பம் எவ்வளவு, ரேடியேட்டருக்குள் போகிற தண்ணீர் எவ்வளவு, வெளியே வருவது எவ்வளவு என்று ஒரு எண்கூட இருக்காது. முன்-பின் படம் இருக்கும். பின் படம் முதல் வாரத்தில் எடுத்ததாக இருக்கும்.

இதில் விளம்பரத்துக்குப் பங்கு உண்டு என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம். ஆனால் அது பாதிதான். டைமிங்கைச் சரிசெய்தால் படம் எடுக்க ஒன்றும் கிடைக்காது. ஸ்க்ரூவைப் பிடுங்கி ஹோஸை மாட்டினேன் என்றால் யார் கேட்பார்கள்? வாசகனும் வாங்கக்கூடிய பதிலைத்தான் தேடுகிறான். பெரியவர் அப்படித்தான் தேடினார். இதைப் படித்து வேலை பார்க்கிற நானும் அப்படித்தான் பதில் சொன்னேன்.

அதற்காக அப்கிரேடே வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்ஜினைப் பெரிதாக்கியிருந்தால், ஏசி சேர்த்திருந்தால், பழைய ரேடியேட்டரின் குழாய்கள் தேறாத அளவு அடைத்துப்போயிருந்தால், பெரியது போடுவது சரியே. கிரைஸ்லரே அந்தக் கார்களில் 22 அங்குலம், 26 அங்குலம் என்று இரண்டு அகலம் கொடுத்தது. தேவைக்கேற்ப அளவு மாறும் என்பது அவர்களும் ஒத்துக்கொண்டதுதான். எலக்ட்ரிக் ஃபேனும் கெட்டதல்ல. அதற்குத் தனி ஒயர், ரிலே, ஃப்யூஸ், ஆல்டர்னேட்டரிலிருந்து நேர்வழி எல்லாம் வேண்டும். ஒரு பாகத்தை மாற்றும்போது அது இதுவரை யாரோடு ஒத்துப்போய் வாழ்ந்தது என்று பார்க்கவேண்டும். அவ்வளவுதான்.

பெரியவர் எலக்ட்ரிக் ஃபேன்களைக் கழற்றிவிட்டார். கிளட்ச் வைத்த பழையவகை ஃபேன், புதிதாக வாங்கிய ஷ்ரவுட், சரியான டைமிங், ஹோஸ் அதன் இடத்தில். போன ஆகஸ்டில் உட்வர்டில் மூன்று மணி நேரம் ஊர்ந்தோம். முள் 195-ஐத் தாண்டவில்லை. அலுமினிய ரேடியேட்டர் மட்டும் அப்படியே இருக்கிறது, வேறு வழி இல்லை.

திரும்பி வரும்போது கேட்டார். "அப்போ பழைய ரேடியேட்டரே போதுமா இருந்திருக்குமா?"

போதுமாகத்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் காட்ட முடியாது. மாற்றுவதற்கு முன்னால் நான் எதையும் அளக்கவில்லை. அளந்து பார்க்க அந்த ரேடியேட்டரும் இப்போது இல்லை. எங்கோ தாமிரமாக உருகிப் போயிருக்கும்.

"தெரியலை சார்" என்றேன். "கழட்டுறதுக்கு முன்னாடி நான்தான் கேட்டிருக்கணும்."